ஜீப்பில் ஊர்வலம் வந்த கியர்ப்பெட்டி

சிங்கப்பூர் சென்று வந்ததைப் பற்றி நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். பறவைப் பூங்காவையும், குப்பையில்லாத தெருக்களையும் அவர் எதிர்பார்த்திருக்கலாம். பறவைப் பூங்காவுக்கு நான் போகவே இல்லை. மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றின் கியர்ப்பெட்டி உறையை வாங்கி வரவே போனேன். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். இதனால் என் பெயருக்குப் பெருமை எதுவும் சேராது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

உறைக்குச் சொந்தக்காரர் கன்னியப்பன். கோவிலம்பாக்கத்தில் தலைமுறைகளாகப் பயிர் செய்த குடும்பம். வீட்டு மனைகளாகப் போனது போக எஞ்சிய நிலத்தையும் விற்று, தாம்பரத்தை ஒட்டி ஒரு பட்டறை போட்டு, பல்சக்கரம் வெட்டிக் கொடுத்து வந்தார். நான் ஒரு பாலிடெக்னிக்கின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்தில் குடியிருப்பவன். அவருடைய வரைபடங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வழக்கம். அந்த ஆண்டு ஒரு வாகன நிறுவனம் தன் புதிய சரக்கு வண்டிக்குக் கியர்ப்பெட்டி முழுவதையும் செய்து தர ஆள் தேடியது. கன்னியப்பனும் வட சென்னைப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரும் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டார்கள். உறையின் மாதிரியைச் செய்து, அதற்குள் தண்டுகளையும் பல்சக்கரங்களையும் கோத்துக் காட்ட வேண்டும். யாருடையது பிசகில்லாமல் பொருந்துகிறதோ அவருக்கு வேலை. மரத்தில் அச்சு செதுக்கி, மணலில் வார்த்து, கடைந்து முடிப்பதற்குக் கன்னியப்பனின் பட்டறையில் நாள் போதாது.

கணினியில் வரைந்த வடிவத்தை ஒளியைக்கொண்டு திரவத்திலிருந்து திடப்பொருளாகவே எடுக்கும் இயந்திரம் சிங்கப்பூரில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னவன் நான்தான். ஓர் ஆங்கில இதழில் படித்திருந்தேன்.

"வெளிச்சத்துல பெட்டி செய்றானா? இன்னா சார், பயாஸ்கோப்பு மாரி சொல்றீங்க!" என்று சிரித்தார் கன்னியப்பன். இதழில் இருந்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சரி, நீங்களே போயி எடுத்தாந்துடுங்க சார். எனக்கு இங்கிலீஷும் வராது, அவன் ஊரு சோறும் எறங்காது. இந்த வேலய நம்பிப் புது மிசினு மூணு வாங்கிப் போட்டுகினு குந்திகீறேன். இது வரலன்னா நான் பேஜார்தான்."

சிங்கப்பூரில் முதல் நாளே ஒரு தலைகுனிவு. அந்த இயந்திரம் இருந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி திருமதி கோ, சீனப் பெண்மணி, முனைவர் பட்டம் பெற்றவர். அவர் முன்னால் மேசைமேல் என் வரைபடச் சுருளை விரித்தேன். என் பயணப் பெட்டிக்குள் இருந்த மாங்காய்த் தொக்குப் புட்டி வழியில் எங்கோ திறந்துகொண்டு, நல்லெண்ணெய் முழுவதையும் தாள்கள் குடித்திருந்தன. எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடியாகி, அடியிலிருந்த தாளின் கோடுகளும் சேர்ந்து தெரிந்தன. திருமதி கோ இழுப்பறையைத் திறந்து ரப்பர்க் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். விரல் ரேகை பட்ட தாளையெல்லாம் மாணவர் முகத்துக்கு நேரே திருப்பி நீட்டியவன் நான். அந்தக் கையுறைகளைப் பார்த்தபடி நின்றேன்.

அவருக்கு உதவியாக இருந்த பொறியாளர் சேகர், சிங்கப்பூரிலேயே பிறந்த தமிழர். மேசைமேல் குனிந்து மோந்தார். "சார், இது மாங்கா தொக்குதானே? பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

இருந்ததை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

அன்று நண்பகல் திருமதி கோ, "எங்களோடு சாப்பிட வருகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கதவு மூடியது. எனக்கு நல்ல பசி. நம் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் முதல் முறை வேண்டாம் என்பது வணக்கம் சொல்வது போல. இரண்டாம் முறை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாம் முறை சொல்லும்போது டம்ளர் கையில் இருக்கும். மாலையில் தேநீருக்கும் அதே கதை. பசி மயக்கத்தில் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த சேகர், அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வும் சேர்த்துக் கேட்டார்: "சார், உண்மையச் சொல்லுங்க, உங்களுக்கு வேணுமா, வேணாமா? இங்க ஒரு தடவதான் கேப்பாங்க லா. வேணாம்னா வேணாம்னு எடுத்துப்பாங்க."

அவரே என்னைச் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். வாழை இலை, சாம்பார், முட்டைக்கோசுப் பொரியல், அப்பளம். அப்பளம் நம் ஊரைவிட நன்றாகவே பொரிந்திருந்தது. பரிமாறியவர் மன்னார்குடிப் பக்கம்.

"ஐயா எந்த ஊரு?"

"சிட்லபாக்கம்."

"அது எங்க இருக்கு?"

"தாம்பரத்துக்குப் பக்கம்."

"மெட்ராஸ்னு சொல்லுங்களேன். நான் பிளேன் ஏறின ஊரு. ஏர்போர்ட் வாசல்ல ஒரு டீ குடிச்சேன். அவ்வளவுதான் எனக்கு மெட்ராஸு." சொல்லிக்கொண்டே, நான் கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டார். கை வைத்து மறைத்தேன். கையின் இடுக்கு வழியாகவே போட்டார். அந்த ஊரில் எனக்கு மனம் நிறைந்த ஒரே நேரம் அது.

மறுநாள் மின்ரயிலில் தனியாகப் போனேன். வண்டி வந்து கதவு திறந்ததும், உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்கு முன் என் தோள் தானாகவே முன்னால் பாய்ந்தது. தாம்பரம் ரயிலடியில் நாற்பது ஆண்டு பழகிய தோள் அது. எதிரே வயதான சீனர் ஒருவர், கையில் கீரைக்கட்டு. உள்ளங்கையை உயர்த்தி என் மார்புக்கு முன்னால் நிறுத்தினார். தொடவில்லை. என் பின்னால் இரு பக்கமும் கோடு போட்டதுபோல் வரிசை நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். கோட்டும் டையும் அணிந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

இனி அந்த இயந்திரம். எண்ணெய்த் தாள்களில் இருந்த வடிவத்தைச் சேகர் கணினியில் வரைந்து ஏற்றியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய குளிர்பதனப் பெட்டி. உள்ளே ஒரு தொட்டி நிறையத் தேன் நிறத்தில் பிசின். அதன் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரிவதற்குள் மறையும் ஓர் ஒளிப்புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. அது தொட்ட இடம் இறுகியது. ஓர் ஏடு முடிந்ததும், அடியிலிருந்த தட்டு மயிரிழை அளவுக்குத் தாழ்ந்தது. புதுப் பிசின் மேலே பரவியது. ஒளி அடுத்த ஏட்டை வரையத் தொடங்கியது. வகுப்பில் ஒரு பொருளைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்பதைக் கரும்பலகையில் வரைந்து, "இப்படிப்பட்ட வெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மனத்தில் அடுக்கிப் பாருங்கள்" என்று சொல்வேன். யாரும் அடுக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பார்த்ததில்லை. அந்தத் தொட்டியில் ஒளி அதைச் செய்துகொண்டிருந்தது. சேகர் இரண்டு முறை நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

இரவும் பகலும் ஓடி முடிந்தபின் தட்டு மேலே எழுந்தது. பிசின் வடிய வடிய உறை வெளியே வந்தது. இட்லிப் பானை அளவு. பழுப்புக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடல். தண்டுகள் நுழையும் துளைகள், தாங்கிகள் அமரும் வட்டங்கள், திருகாணிக் காதுகள், எல்லாம் என் வரைபடத்தில் இருந்தபடி. கழுவி, புற ஊதா விளக்கின் கீழ் இறுக்கி, அளந்தார்கள். திருமதி கோ அளவுக்கருவியை என்னிடமே கொடுத்தார். நானும் அளந்தேன். குறை சொல்ல இடம் இல்லை.

கட்டும்போது சேகர் எனக்குப் பாடம் நடத்தினார். "சார், இது பார்க்கத்தான் கெட்டி. வெயில், சூடு, ஈரம், மூணும் ஆகாது. இளகி முறுக்கிக்கும். முறுக்கினா திரும்ப நேராகாது. உங்க ஊர்ல இப்ப என்ன வெயில்?"

"கத்திரி."

"அப்படின்னா?"

விளக்கினேன். அவர் முகம் மாறியது. "கார்ல வெச்சுப் பூட்டிட்டுக் காப்பி குடிக்கப் போயிடாதீங்க. கைக்குழந்தைய அப்படி விட்டுட்டுப் போவீங்களா? அந்த மாதிரிதான் இதுவும். இன்னொண்ணு செய்யணும்னா மெஷின் இந்த மாசம் முழுக்க வேற ஆளுங்களுக்கு."

கறுப்புத் தாளில் சுற்றி, பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் மூடிக் கொடுத்தார்கள். விமானத்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்தார்; கறுப்புத் தாளைக் கிழித்தார்; உறையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். "என்ன சார் இது, ஆம்பர் கல்லா?" கியர்ப்பெட்டி என்றேன். "பிளாஸ்டிக்ல கியர்ப்பெட்டியா?" என்று சிரித்து, பெட்டியை மூடாமலே தள்ளினார். திறந்த பெட்டியோடு வெளியே வந்தேன்.

வெளியே தாரையும் தப்பட்டையும் முழங்கின. இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு துணிப் பதாகை. அதில் என் பெயர், என் பட்டங்கள், அவற்றின் கீழே 'ஒளியில் கியர் கண்ட விஞ்ஞானியே வருக'. நான் எதையும் கண்டுபிடித்தவன் அல்லன். ஓர் இதழில் படித்தவன். கன்னியப்பன் பட்டறை ஆட்களோடும் சொந்தக்காரர்களோடும் நின்றார். நம் சங்கச் செயலாளர் ரோஜா மாலையோடு முன்னால் வந்தார். அருகே கூரையில்லாத ஒரு ஜீப். அதன் நடுவில் பட்டுத் துணி விரித்த முக்காலி.

முக்காலி எதற்கு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"வாங்க சார்! இன்னா சார், நாலு நாள்ல எளச்சிட்டீங்க!" என்று கன்னியப்பன் என் கையிலிருந்த பெட்டிக்குள் கைவிட்டு உறையைத் தூக்கினார். "டேய், பாருங்கடா, எப்டி மின்னுது!"

"கன்னியப்பன், இந்த ஆடம்பரமெல்லாம் வேண்டாம்" என்றேன். "இதை மூடிய காரில் எடுத்துச் செல்வோம்."

"அதான் சார் உங்க கொணம்! செயலாளர் சாரே, கேட்டீங்களா, மூடின கார்ல போவணுமாம்."

"சார் ஈஸ் ஆல்வேஸ் லைக் தட்" என்றார் செயலாளர். "ரிபப்ளிக் டேக்குக் கொடியேத்தக் கூப்பிட்டப்போ நாலு தடவை வேண்டாம்னார். அப்புறம் வந்து முக்கால் மணி நேரம் பேசினார்." எல்லோரும் சிரித்தார்கள். அன்போடுதான் சிரித்தார்கள். அவர் சொன்னதில் பொய்யில்லை.

"இதற்கு வெயில் ஆகாது" என்றேன்.

"யாருக்கு சார் ஆவுது? நமக்கே ஆவல" என்றார் கன்னியப்பன். உறை முக்காலியின்மேல் அமர்ந்தது. சந்தனம் குழைத்துப் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். தண்ணீர் தெளித்து வைத்திருந்த சாமந்தி மாலையைச் சுற்றினார்கள். சேகர் சொன்ன மூன்று எதிரிகளும் ஒரே முக்காலியில் கூடிவிட்டன. என்னைத் தூக்காத குறையாக ஜீப்பில் ஏற்றினார்கள்.

என் பையில் குடை இருந்தது. எடுத்து விரித்து உறைக்குமேல் பிடித்தேன். உடனே ஊரப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் பட்டறை ஃபிட்டர், "ஐயே, சாருக்கு வெயிலடிக்குது பாரு" என்று பாய்ந்து வந்து குடையை என் கையிலிருந்து வாங்கி, என் தலைக்குமேல் பிடித்தார். நான் குடையின் காம்பைப் பற்றி உறையின் பக்கம் சாய்த்தேன். அவர் என் பக்கம் சாய்த்தார். "உங்களுக்கு இன்னாத்துக்கு சார் செரமம், நான் புடிக்கறேன்." பல்லாவரம்வரை அவர் கை தளரவில்லை.

பல்லாவரத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று சாலை அடைத்துக்கொண்டது. ஜீப்பின் தகடு தொட்ட இடமெல்லாம் சுட்டது. பக்கத்தில் நின்ற பேருந்தின் கண்டக்டர் தலையை நீட்டினார். "இன்னா தலைவரே, அல்வாக்கு மாலை போட்டு இட்டுகினு போறீங்க? கல்யாணமா?" பேருந்தே சிரித்தது. கன்னியப்பன் ஜீப்பிலிருந்தபடியே கத்தினார்: "அல்வா இல்ல நைனா, கியர்ப்பெட்டி! லைட்ல செஞ்சது! சிங்கப்பூரு!"

"லைட்ல செஞ்சதுன்னா சீக்கிரம் மூடுப்பா, கரன்ட் கட்டாயிடப் போவுது!"

அந்தச் சிரிப்புக்கு நடுவே நான் கன்னியப்பனின் தோளைத் தொட்டு, "வெப்பத்தினால் இதன் பரிமாணங்கள் மாறுபடக்கூடும்" என்றேன். என் வாயில் வந்த தமிழ் அதுதான். ஃபிட்டர், "சார் பேச ஆரம்பிச்சிட்டாரு, மேளத்த நிறுத்துங்கப்பா!" என்றார். நிறுத்தினார்கள். முன்னால் போனவர்களும் திரும்பி வந்து ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். எல்லா முகங்களும் என்னை நோக்கி உயர்ந்தன. வியர்வை வழியும், மகிழ்ச்சியான, நான் நன்கு அறிந்த முகங்கள். அவர்கள் எனக்காகத்தான் வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். இந்த ஊர்வலமே தவறு, கலைந்து போங்கள் என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"உங்கள் அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்" என்றேன்.

கைதட்டினார்கள். மேளம் மறுபடியும் தொடங்கியது. குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். சந்தனம் காய்ந்து வெடித்து உதிர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குடை என் தலைக்குமேல் இருந்தது.

மறுநாள் காலை வாகன நிறுவனத்திலிருந்து இரண்டு பொறியாளர்கள் பட்டறைக்கு வந்தார்கள். இருவரும் இளைஞர்கள், மரியாதை தெரிந்தவர்கள். ஃபிட்டர் உறையைத் துடைத்துக் கொண்டுவந்து, அளவு பார்ப்பதற்கான சமதள இரும்புப் பலகையின்மேல் வைத்தார். உறை ஆடியது. ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழுந்தது. அவர் எடுத்துத் திருப்பி வைத்தார். டக், டக் என்று மறுபடியும் ஆடியது. முதல் தண்டு ஒரு பக்கத் துளையில் நுழைந்தது. எதிர்ப்பக்கத் துளையைத் தேடி முட்டி நின்றது. தட்டிப் பார்க்கலாமா என்பதுபோல் அவர் கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் என்னைப் பார்த்தார்.

"சிங்கப்பூரில் நானே அளந்தேன்" என்றேன். "அங்கே சரியாக இருந்தது. நேற்று வெயிலில் முறுக்கிக்கொண்டது."

பொறியாளர்களில் ஒருவர் தண்டை வெளியே இழுத்துத் துணியில் துடைத்து வைத்தார். இன்னொரு மாதிரி எப்போது வரும் என்று கேட்டார். இந்த மாதம் வராது என்றேன். வட சென்னைக்காரர் மரத்தில் அச்சு செதுக்கி வார்த்தே முடித்துவிட்டதாகவும், அது பொருந்துவதை நேற்றே பார்த்துவிட்டதாகவும் அவர் மென்மையாகச் சொன்னார். காப்பி வந்தது. இருவரும் நின்றபடியே குடித்தார்கள். வேலை கன்னியப்பனுக்கு இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அவர்கள் கார் போனபின் கன்னியப்பன் அந்தப் பலகையின் பக்கத்திலேயே நின்றார். விரலால் உறையின் மூலையை அழுத்தினார். டக். விட்டார். டக்.

"வெயில்ல கெட்டுப்பூடும்னு தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியும். சொன்னேனே, கன்னியப்பன்."

"சொன்னீங்க. எப்பவும் சொல்றா மாரியே சொன்னீங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கத்தக் கூடாதா சார்? பேமானி, எடுடா அத்தன்னு ஒரு வார்த்த வுட்டிருந்தா, அங்கியே ஜீப்ப நிறுத்தியிருப்பேனே. நீங்க திட்டினா நான் கோச்சுக்குவனா?"

நான் ஒருவரையும் அப்படித் திட்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அதைப் பெருமையாக எண்ணித்தான் இத்தனை காலம் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால், செயலாளர் வாசலில் காத்திருந்தார். அன்று மாலை சங்கக் கூடத்தில் எனக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழ் தெருத்தெருவாகப் போய்விட்டதாம். நடந்ததைச் சொன்னேன். விழாவை நிறுத்திவிடுங்கள், எனக்கு அதற்குத் தகுதியில்லை என்றேன். "நெவர் மைண்ட் சார், ஃபெயிலியர்ஸ் ஆர் ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஷார்ப்பா ஆறு மணிக்கு வந்துடுங்கோ."

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் என்னிடமிருந்து உண்மையைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்; அதற்கு அந்த மேடைதான் கிடைத்தது. கூடம் நிறைந்திருந்தது. ஏரிக்கரைத் தெருக்களிலிருந்து எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையின் ஓரத்தில், பட்டறைச் சட்டையை மாற்றாமல் கன்னியப்பன். பொன்னாடை போர்த்தினார்கள். மின்விசிறியின் காற்று எனக்கு எட்டவில்லை.

ஒலிபெருக்கிக்கு முன் நின்று தொடங்கினேன். "இந்தப் பொன்னாடைக்கு நான் தகுதியற்றவன்." கைதட்டல். "நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிறர் செய்து கொடுத்ததைத் தூக்கி வந்தேன்." பெரிய கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் தன் மனைவியிடம், "என்ன ஒரு அடக்கம் பாரு" என்பது எனக்குக் கேட்டது. "தூக்கி வந்ததையும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. என்னால் ஒருவருடைய தொழில் கெட்டது." கைதட்டல் கூடத்தின் பின்வரிசைவரை போயிற்று. செயலாளரே எழுந்து நின்று தட்டினார்.

"கை தட்டாதீர்கள்!" என்று கத்தினேன்.

ஒலிபெருக்கி வீறிட்டது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. எனக்கே அந்தக் குரல் யாருடையதென்று தெரியவில்லை. "பொருள் வெயிலில் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கன்னியப்பனுக்கு வரவேண்டிய வேலை போய்விட்டது. போய்விட்டது! புரிகிறதா உங்களுக்கு?"

அழுத குழந்தையை வெளியே தூக்கிப் போனார்கள். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து கன்னியப்பனின் குரல், உரக்கக்கூட இல்லை:

"இந்தக் கொரலு நேத்து எங்க சார் போச்சு?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரும் என் பதிலுக்காகப் பார்த்தார்கள். நின்றுகொண்டே இருந்தேன். செயலாளர் என்னையும் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

கன்னியப்பன் எழுந்து வந்து மேடைப் படியில் ஏறினார். என் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுவந்தார். "வேர்த்து ஊத்துது சார் உங்களுக்கு. கழட்டுங்க இத்த." பொன்னாடையை அவரே எடுத்து, நாலாக மடித்துச் செயலாளரிடம் நீட்டினார். "வெச்சுக்கங்க சார். வேற யாருக்குனா ஆவும்."

செயலாளர் வாங்கிக்கொண்டார். நான் கன்னியப்பனோடு மேடையிலிருந்து இறங்கி, மூன்றாம் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றியுரை முடியும்வரை அங்கேயே இருந்தோம்.